கண்ணாடி நூலும் சுவர் ஆணியும்

சுவரில் ஆணி அடிப்பதென்றால் நம்மவர்களுக்குத் தனி உற்சாகம். படம் மாட்ட ஓர் ஆணி, பஞ்சாங்கம் தொங்க ஓர் ஆணி, கொசுவலைக்கு நாலு ஆணி என்று பழகிய கை, வீடு தேடி வருகிற பைபர் கேபிளையும் அதே வேகத்தில் சுவரோடு சேர்த்து அறைந்துவிடுகிறது. செம்புக் கம்பியாயிருந்தால் அவ்வளவு பாதகமில்லை. சிறிது நெளிந்தாலும் நசுங்கினாலும் மின்சாரம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் இந்தக் கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி அல்லவா?

அந்தக் கண்ணாடி நூலின் பருமன் 0.125 மில்லிமீட்டர். ஒளி செல்லும் நடுப்பகுதியோ சுமார் 0.009 மில்லிமீட்டர்தான். பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே பிம்பத்தை அனுப்பலாமென்பதை 1954-ல் உலகுக்கு அறிவித்தார். கண்ணாடியைப் போதிய அளவு சுத்தமாக்கினால் செய்தியையும் வெகுதூரம் அனுப்பலாமென்று 1966-ல் சார்லஸ் காவோ எடுத்துரைத்தார். அதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய மேதைகளின் உழைப்பால் கடல் கடந்து வரும் ஒளியை, நம் கூடத்து மூலையில் ஓர் ஆணி தடுத்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

ஒளியானது நூலின் நடுப்பகுதிக்குள் அடங்கியே ஓடும். அளவுக்கு மீறி வளைத்தால் அந்த அடக்கம் குலைந்து வெளியே கசிந்துவிடும். பழைய ரகத்து நூலை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைப்பது தகாது. வீடுகளுக்கென்றே வந்துள்ள புதிய ரகங்களில் ஒன்று 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். ஆனால் அந்தச் சலுகை நூலுக்குத்தான். மேலுறையோடு கூடிய கேபிளுக்கு அதன் விட்டத்தைப் போல் 10 மடங்கு ஆரமாவது விடுவதே பொது வழக்கம்.

வளைவாவது கண்ணுக்குத் தெரியும், அழுத்தம் தெரியாது. கிளிப் இறுக்கிப் பிடித்த இடத்தில் நூல் உள்ளுக்குள்ளே நுண்ணிய நெளிவு கொள்கிறது. அங்கேயும் ஒளி கசிகிறது. அதோடு, ஓயாமல் இழுபட்டு நிற்கும் கண்ணாடியிலுள்ள நுண்ணிய கீறல்கள், ஈரம் பட்டுப்பட்டு மெல்ல வளரும். பூட்டிய அன்று எல்லாம் செம்மையாகவே இருக்கும். பின்னொரு நாள், குழந்தை பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இணைப்பு அறுந்துபோகும். நாமும் கம்பெனிக்காரரை மனமாரத் திட்டுவோம்!

ஆகவே கிளிப் செய்கிறவருடைய சாமர்த்தியமெல்லாம், கேபிளை நெருக்காமல் தாங்குவதில்தான் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் உருண்டைக் கேபிளுக்கு உட்குழிவு 3.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். உள்ளே கேபிள் தாராளமாக நகர வேண்டும். வாய் மட்டும் 2.7 மில்லிமீட்டராகக் குறுகியிருந்தால், விரலால் தள்ளும்போது கிளிப்பின் இரு கைகளும் சற்றே விரிந்து, கேபிளை உள்ளே விட்டுக்கொண்டு மூடிக்கொள்ளும். கேபிள் நுழையும் முனையும் வெளிவரும் முனையும் நாகஸ்வரத்தின் அணைசைப்போல விரிந்திருக்க வேண்டும். கூரிய விளிம்பு கூடவே கூடாது. ஆணிக்குரிய துளையைக் கேபிளை ஒட்டி வைக்காமல் ஒரு விரற்கடை தள்ளி வைப்பது நலம். சுத்தியல் குறி தவறுவது யாருக்கும் நேரக்கூடியதே. மூலைகளுக்குத் தனிக் கிளிப் வேண்டும். 30 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைந்த முதுகு ஒன்றைச் செய்து, அதன்மேல் கேபிளைப் படுக்க வைத்துவிட்டால், யார் இழுத்தாலும் அதற்குமேல் வளையாது. தட்டைக் கேபிளாயின் அது தட்டைப் பக்கமாகவே இணங்கி வளையும். மற்றப் பக்கமாக வளைக்க முயல்வது மாட்டின் கொம்பை நிமிர்த்துகிற கதைதான்.

பசை தடவி ஒட்டும் கிளிப்புகளும் உண்டு. சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்தப் பசை சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளுமே தவிரச் சுவரைப் பிடிக்காது! முப்பரிமாண அச்சு யந்திரம் வைத்திருக்கும் இளைஞர்கள் வீட்டிலேயே கிளிப் வார்த்துவிடுகிறார்கள். மெச்சத்தக்க முயற்சி. ஆனால் அவர்கள் வழக்கமாகக் கையாளும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி சூட்டில் இளகிவிடும். மேற்கு வெயில் காயும் சுவருக்கு அது உதவாது; வெயில் தாங்கும் ஏ.எஸ்.ஏ. ரகமே தகும். அச்சின் படலங்கள் கைகளின் நீளத்தோடு ஓடும்படி கிளிப்பைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அச்சிடாவிட்டால், விரியும்போது படலம் படலமாகப் பிளந்துபோகும்.

இதுவரை சொன்னது கேபிளின் க்ஷேமம். மனிதர்களின் க்ஷேமமும் இதில் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் நகரத்து மாடிக் குடியிருப்பு ஒன்றில் 2005-லும், சவுத்தாம்ப்டனில் 2010-லும் தீப்பிடித்தபோது, பிளாஸ்டிக் தாங்கிகள் உருகிக் கேபிள்கள் வலைபோலத் தொங்கின. புகையில் கண் தெரியாமல் சென்ற தீயணைப்பு வீரர்கள் அவற்றில் சிக்கினர். இரண்டு விபத்துக்களிலும் இருவர் இருவராக நான்கு வீரர்கள் உயிரிழந்தனர். தப்பிச் செல்லும் வழிகளிலுள்ள கேபிள்கள் தீயில் சீக்கிரம் சரிந்து விழாதபடி தாங்கப்பட வேண்டுமென்று 2015-ல் அந்நாட்டு மின்கம்பி விதி திருத்தப்பட்டது. 2018-ல் அது கட்டடம் முழுமைக்கும் விரிந்தது.

நம் பழைய வீடுகளில் தேக்கு ரீப்பரின்மேல் மின்கம்பியைப் பிடித்திருந்த தகரக் கிளிப்புகள் இந்த விஷயத்தில் மேலானவை. ஆனால் அவற்றின் மெல்லிய விளிம்பு கண்ணாடி நூலுக்கு ஆகாது. விளிம்பை வெளிப்புறமாக மடித்து உருட்டிவிட்டால் அந்தக் குறையும் நீங்கும். எல்லாக் கிளிப்பும் உலோகமாயிருக்க வேண்டுமென்பதில்லை. பிளாஸ்டிக் உருகினாலும் கேபிள் தாழ்ந்து தொங்காதபடி இடையிடையே இருந்தால் போதும். கதவு நிலையின்மேலும் மாடிப்படி ஓரத்திலும் மட்டும் சற்று நெருக்கமாக வைக்கலாம். ஒரு சிறு வீட்டுக்கு இருபது முப்பது கிளிப்புக்கு மேல் தேவைப்படாது.