பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா? மீட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஹார்ன் அடிக்கவில்லை என்றால் உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போவார்கள். பெட்ரோல் முள் வேலை செய்யவில்லை என்றால், "போன வாரம்தானே போட்டோம், இருக்கும்" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். பகலில், ஊருக்குள், பங்க்குக்குப் பக்கத்தில் வண்டி நின்றால் பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு, பின்சீட்டில் பெரியவர்களும் குழந்தையும் இருக்க, பைபாஸில் நின்றால்?

மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளில் இந்தக் கோளாறு சகஜம். பல நேரம் இது பெரிய செலவும் இல்லை. ஆனால், எங்கே கோளாறு என்று தெரியாமல் முதலில் மீட்டரை மாற்றிவிட்டு, பிறகும் முள் அசையாமல் நிற்பதைப் பார்த்துப் புலம்புகிறவர்கள் நிறைய.

முள் எப்படி நகர்கிறது?

பெட்ரோல் டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். மெக்கானிக்குகள் ஃப்ளோட் என்பார்கள். பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதோடு சேர்ந்த கம்பிக்கை, ஒரு மின்தடைப் பட்டையின்மேல் உரசியபடி நகரும். இந்த மொத்த அமைப்புக்கும் பெயர் டேங்க் யூனிட்.

அதிலிருந்து ஒரு ஒயர் டேஷ்போர்டில் உள்ள மீட்டருக்குப் போகிறது. மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக மீட்டருக்கு வந்து, ஒயர் வழியாக டேங்க் யூனிட்டுக்குப் போய், அங்கிருந்து வண்டியின் பாடியில் எர்த் ஆகிறது. மாருதி 800 உள்ளிட்ட பல பழைய வண்டிகளில், டேங்க் நிறைந்திருந்தால் தடை குறைவு. மின்சாரம் அதிகம் பாயும். முள் மேலே ஏறும். டேங்க் காலியானால் தடை அதிகம், முள் இறங்கும். சில வெளிநாட்டு மாடல்களில் இது தலைகீழ்.

ஆக, கோளாறு வரக்கூடிய இடங்கள் ஐந்து: ஃபியூஸ், மீட்டர், ஒயர், டேங்க் யூனிட், எர்த்.

எந்தப் பொய் ஆபத்து?

முள் எப்போதும் காலி என்றே காட்டினால் எரிச்சல்தான், ஆபத்தில்லை. ஒயர் அறுந்திருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், மிதவை ஓட்டையாகி பெட்ரோல் குடித்து மூழ்கியிருக்கலாம். எர்த் பிடிக்கும் இடத்தில் துரு ஏறியிருந்தால், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

இல்லாததை இருப்பதாகக் காட்டும் முள்தான் நடுவழியில் கழுத்தறுக்கும். முள் எப்போதும் முழு டேங்க் என்று நின்றால், ஒயரின் மேலுறை தேய்ந்து எங்கோ பாடியில் தொட்டுக்கொண்டிருக்கலாம். பாதியிலேயே நின்றுவிட்டால், மிதவைக்கை சிக்கியிருக்கலாம். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளில் இது அதிகம். பழைய பெட்ரோல் பிசினாகப் படியும், டேங்குக்குள் துரு விழும், கை இறுகிவிடும்.

காரைக்குடிப் பக்கம், ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவரின் 1999 மாடல் மாருதி 800-க்கு நடந்தது இதுதான். மகன் வெளியூரில். எட்டு மாதம் ஷெட்டில் நின்ற வண்டியை எடுத்து, பிரசவத்துக்கு மகளை மதுரைக்கு அழைத்துப் போனார். முள் பாதியில் நின்றது. வண்டியும் நின்றது, மேலூருக்கு முன்பே. பின்னால் வந்த வேன்காரர் உதவியதால் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு கடையில் "மீட்டர் போச்சு, மொத்த போர்டையும் மாத்தணும்" என்றார்கள். "இனிமே உங்களுக்கு இந்த வண்டியே வேண்டாம்ப்பா, வித்துடுங்க" என்று மகனும் போனில் சொல்லிவிட்டான். பழகிய மெக்கானிக் ஒருவர்தான் டேங்க் யூனிட் ஒயரைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, முள்ளு மேல பழி போடாதீங்க. கீழ இருந்து என்ன சேதி வருதோ, அதைத்தான் அது காட்டுது. டேங்க்குக்குள்ளதான் விஷயம் இருக்கு." யூனிட்டை வெளியே எடுத்தபோது மிதவைக்கை பாதியில் இறுகிக் கிடந்தது. அதை மாற்றியதோடு வேலை முடிந்தது. வண்டியும் வீட்டிலேயே இருக்கிறது.

வரிசையாகச் சோதியுங்கள்

1. முதலில் ஃபியூஸ். பெட்ரோல் முள்ளோடு மற்ற மீட்டர்களும் விளக்குகளும் செத்திருந்தால், ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

2. டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால், டேங்க்கைத் தொட வேண்டாம். பல பழைய வண்டிகளில் இரண்டு மீட்டருக்கும் பொதுவாக ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அதையும் மீட்டர் போர்டின் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. சாவியை அணைத்துவிட்டு, டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரின் பிளக்கைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டால் முள் காலிக்கு இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே நின்றால், ஒயர் எங்கோ உரசுகிறது அல்லது மீட்டர் பழுது.

4. மறுபடி சாவியை அணையுங்கள். அதே ஒயர் முனையை, நடுவில் ஒரு சிறிய 12 வோல்ட் பல்பு வைத்து, பாடியில் எர்த் செய்யுங்கள். சாவியைப் போட்டதும் முள் மெல்ல மேலே ஏற வேண்டும். பல்பு இல்லாமல் நேராக எர்த் செய்தால் மீட்டர் கருகலாம். தீப்பொறி வராமல் இருக்க, இணைப்பது, பிரிப்பது எல்லாமே சாவி அணைந்திருக்கும்போது, டேங்க் வாயிலிருந்து தள்ளி நடக்கட்டும்.

இந்த இரண்டு சோதனையிலும் முள் சரியாக நடந்துகொண்டால், மீட்டரும் ஒயரும் நலம். கோளாறு டேங்க் யூனிட்டில் அல்லது அதன் எர்த்தில்.

5. எர்த் பார்ப்பது சுலபம். டேங்க் யூனிட்டின் உலோக மூடியிலிருந்து பாடிக்கு ஒரு தனி ஒயர் கொடுத்துப் பாருங்கள். முள் சரியானால், துருவைச் சுரண்டிவிட்டு அந்த எர்த்தை நிரந்தரமாக்கினால் போதும்.

6. அதற்கும் மசியாவிட்டால் யூனிட்டைக் கழற்ற வேண்டியதுதான். இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. சில வண்டிகளில் டேங்க்கையே இறக்க வேண்டியிருக்கும். திறந்த டேங்க்கிலிருந்து வரும் ஆவி, ஒரு பொறியில் பற்றும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, காற்றோட்டமான வெளியில், டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது தெரிந்த மெக்கானிக் செய்யட்டும்.

வெளியே எடுத்த யூனிட்டை அவர் மல்ட்டிமீட்டரில் சோதிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் தடை சீராக மாற வேண்டும். நடுவில் எண் திடீரென்று குதித்தால் பட்டை தேய்ந்துவிட்டது. மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலப்பு கேட்கக் கூடாது. திரும்பப் பூட்டும்போது மூடிக்குக் கீழே உள்ள ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய ரப்பர் சீக்கிரம் கெடும்.

பழுது பார்க்கும்வரை...

டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாருதி 800-ன் டேங்க் 30 லிட்டருக்கும் குறைவு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்றால், 250 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி நிரப்பிவிடுவது நல்லது. பாட்டிலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். பல பங்க்குகளில் தர மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, எல்லோரையும் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி, 1033-ஐ அழையுங்கள்.

சரிசெய்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முள் காலிக்கு அருகில் இருக்கும்போது ஐந்தைந்து லிட்டராகப் போட்டு, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். அந்தச் சீட்டை டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டிவைத்தால், வண்டியை நீங்கள் எடுத்தாலும் பிள்ளைகள் எடுத்தாலும், பாதி முள் என்றால் எத்தனை லிட்டர் என்பதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.