பிரஷ் போச்சு, செலவு போகலை

"பிரஷ்லெஸ் மோட்டார் போட்டுவிட்டால் பராமரிப்பே கிடையாது, செலவும் மிச்சம்" என்று ரேடியோ கன்ட்ரோல் கார் பந்தயக்காரர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். முதல் பாதி கிட்டத்தட்ட உண்மை. இரண்டாம் பாதி சுத்தப் பொய். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேரன் பேத்தி இருக்கிற நம் வயதுக்காரர்கள் சிலர் பிறந்தநாள் பரிசு என்ற பெயரில் இந்தப் பொய்க்குப் பணம் கட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நாம் பொம்மைக் கார் என்று நினைப்பதற்கு அங்கே கிளப், பந்தயப் பாதை, விதிப்புத்தகம் எல்லாம் உண்டு.

மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தவர்களுக்குக் கார்பன் பிரஷ் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். பழைய மாதிரி மோட்டாரில் சுற்றுவது காயில். சுற்றுகிற காயிலுக்கு மின்சாரம் போக வேண்டுமே! அதற்காக இரண்டு கார்பன் துண்டுகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் செப்புக் கம்யூட்டேட்டரை உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு, தீப்பொறி, தேய்மானம். பிரஷ்லெஸ் மோட்டாரில் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். காயில் அசையாமல் நிற்கும், காந்தம் சுற்றும். எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்பதை ஸ்பீடு கன்ட்ரோலர் என்ற மின்னணுப் பெட்டி பார்த்துக்கொள்ளும். உரசுவதற்கு எதுவுமே இல்லை. இயந்திரம் என்ற வகையில் இதுதான் மேல். சர்வீஸ் முழுக்கக் கார்பன் தூளை மூக்கில் ஏற்றிக்கொண்டவன் நான், பிரஷ்ஷுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

"அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு" என்று புலம்பும் பழைய பந்தயக்காரர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஜப்பானின் டமியா கம்பெனி 1976-இல் தன் முதல் ரேடியோ கார் போர்ஷே 934-ஐ விற்றது. 1984-இல் வந்த ஹார்னெட் காரில் 540 என்ற சாதாரண மோட்டார். வீட்டு வாசலில் ஓட்ட அது போதும். பந்தயம் என்று வந்ததும் கதை மாறியது. 27 சுற்று மோட்டார்தான் ஆரம்பப் பிரிவு என்று விதி இருந்தது. சுற்று குறையக் குறைய வேகம் கூடும் என்பதால் அப்படி ஒரு கட்டுப்பாடு. ஆனால் அதே 27 சுற்று மோட்டாருக்குள் என்னென்ன வேலை! கம்யூட்டேட்டரைக் கடைந்து சீராக்க ஒரு குட்டி லேத், விதவிதமான பிரஷ், விதவிதமான ஸ்பிரிங், பொறுக்கியெடுத்து ஜோடி சேர்த்த பேட்டரி செல்கள். ஜெயித்தவர்கள் அப்போதும் காசைக் கொட்டியவர்கள்தான்.

பிறகு பிரஷ்லெஸ் வந்தது. 17.5 சுற்று மோட்டார் ஆரம்பப் பிரிவுக்கு வந்தது. லேத் பரணுக்குப் போனது. மிச்சமான பணம் எங்கே போனது தெரியுமா? கன்ட்ரோலருக்குள். மென்பொருளால் மோட்டாரின் டைமிங்கை முன்னே தள்ளி, ஆரம்பப் பிரிவுக் கார்களையே பறக்கவிட்டார்கள். அதைத் தடுக்க, டைமிங் சேர்க்காத கன்ட்ரோலர்தான் செல்லும், அதற்கு அடையாளமாக அதன் விளக்கு மினுக்க வேண்டும் என்று விதி போட வேண்டியதாயிற்று. அந்தப் பிரிவுக்கே 'பிளிங்க்கி' என்று பெயர் விழுந்தது. விடுவார்களா? பணம் மறுபடி மோட்டாருக்குப் போயிற்று. ரோட்டரை மாற்று, கம்பியின் மின்தடையைக் குறை, போன வருட மோட்டாரைத் தூக்கிப் போடு. சாதாரண 540 மோட்டார் இருபது டாலருக்குள் கிடைக்கும். பந்தயத் தரத்தில் 17.5 ஒன்று நூறு டாலரைத் தொடும். கன்ட்ரோலருக்கு அதற்கும் மேல். அந்த வேகத்தைத் தாங்க கியர், டயர், லித்தியம் பேட்டரி, அதற்கென்று தனி சார்ஜர்.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் இருபது வகை பரிமாறினால் நம் வீட்டில் இருபத்தைந்து என்கிற கதைதான் இது. எல்லோரும் மோட்டாரை மாற்றினால் யாரும் முந்துவதில்லை, வரிசை பழையபடியே நிற்கும். மாற்ற முடியாத பையன் மட்டும் கடைசிக்குப் போவான். பெட்டியில் வந்த காரோடு வரும் பத்து வயதுப் பிள்ளையை, 'ஆரம்பப் பிரிவு' என்று எழுதி வைத்த இடத்திலேயே பெரியவர்களின் கார்கள் ஒரே பந்தயத்தில் மூன்று முறை சுற்றிக் கடக்கின்றன. நாலாவது வாரம் அந்தப் பிள்ளை வராது. அப்புறம் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று அதே பெரியவர்கள் அங்கலாய்ப்பார்கள்.

மருந்து புதிதல்ல. பிரிக்க முடியாத ஒரே மாதிரி மோட்டார் மட்டும் செல்லும் என்று விதி வைத்து ஓட்டும் பந்தயங்கள் எப்போதும் இருக்கின்றன. பிரஷ் மோட்டாராக இருந்தாலும் சரி, டைமிங் பூட்டிய பிரஷ்லெஸ்ஸாக இருந்தாலும் சரி. "ஒரே மாதிரி மோட்டாரிலும் ஒன்று வேகம், ஒன்று மந்தமாக இருக்குமே, பத்து வாங்கி ஒன்றைப் பொறுக்குவார்களே" என்பார்கள். பொறுக்கத்தான் செய்வார்கள். அதனால் மோட்டார்கள் கிளப்பின் பெட்டியில் இருக்கட்டும். பந்தயத்துக்கு முன் சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். இதைச் செய்யத் துணியாத கிளப் செலவைப் பற்றிப் பேசவே கூடாது.

இந்த வருடம் பேரன் மோட்டார் கேட்டால், உங்கள் கிளப்பில் ஒரே மோட்டார் பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் மோட்டாருக்குப் பதிலாக ஒரு செட் பால் பேரிங் வாங்கிக் கொடுங்கள். ஆரம்பக் கார்கள் பலவற்றில் பிளாஸ்டிக் புஷ்தான் வருகிறது. அதை மாற்றினாலே கார் லேசாக ஓடும், தேய்மானமும் குறையும். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், அடுத்த கிளப் கூட்டத்தில் எழுந்து கேட்கச் சொல்லி அவன் அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள்.