மீட்டியார் 350: 'ஸ்பீடு' குறைந்த பைக்கை ஏன் தேடி வாங்குகிறார்கள்?

மண்டபத்தூர் பக்கம், தரங்கம்பாடி - காரைக்கால் சாலையில் 10 கி.மீ. போவதற்குள் ஊர், கடைத்தெரு, வேகத்தடை எல்லாம் வந்துவிடும். இங்கே 120-ல் பறக்கும் பைக் எதற்கு? இந்தக் கேள்விக்கான பதில்தான் 'க்ரூஸர்' ரக பைக்.

1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் வழிவந்த ராயல் என்ஃபீல்டு, 2020 நவம்பரில் மீட்டியார் 350-ஐ அறிமுகப்படுத்தியது. 349 சிசி எஞ்சின் தருவது 20.2 குதிரைத்திறன் மட்டுமே. 200 சிசி கேடிஎம் டியூக் கூட சுமார் 25 தருகிறதே, அப்புறம் எதற்கு இது?

எஞ்சின் ரகசியம் என்ன?

டியூக் அந்தச் சக்தியைக் காட்ட, எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 முறை சுழல வேண்டும். மீட்டியாரில் சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 85.8 மி.மீ. இந்த 'நீள ஸ்ட்ரோக்' அமைப்பால், 4,000 சுழற்சியிலேயே 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை கிடைத்துவிடுகிறது. அடிக்கடி கியர் மாற்றாமல், ஆள் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகலாம். பழைய புல்லட்டின் உதறலைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்டும் உண்டு.

சீட் உயரம் 765 மி.மீ. என்பதால், உயரம் குறைந்தவர்களும் இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம்.

வரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைத் தாண்டினால் 40 சதவீதம். காரைக்காலில் வாங்கினாலும் மயிலாடுதுறையில் வாங்கினாலும் இதுதான் நிலை. 349 என்ற எண்ணின் மதிப்பு இப்போது புரியும்.

குறையே இல்லையா?

இருக்கிறது. எடை 191 கிலோ. மணலில் சிக்கினாலோ, சந்துக்குள் பின்னால் தள்ள வேண்டியிருந்தாலோ மூச்சு வாங்கும். ஃபுட்ரெஸ்ட் முன்தள்ளி இருப்பதால், பள்ளத்தில் விழும்போது சட்டென எழுந்து நிற்க முடியாது; அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டில் இறங்கும். கடலோர உப்புக்காற்றுக்கு எந்தப் பைக்கும் விதிவிலக்கல்ல. கழுவித் துடைக்காவிட்டால் பளபளக்கும் பாகங்களில் துரு ஏறும், செயினும் சீக்கிரம் கெடும்.

'கெத்து'க்காக மட்டும் லட்சங்களைக் கொட்டுவது சரியல்ல. அதேபோல, குதிரைத்திறன் குறைவு என்று ஒதுக்குவதும் தவறு. ஷோரூமில் 'டாப் ஸ்பீடு எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன், எஞ்சினை அணைத்துவிட்டு பைக்கைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். பிறகு மேடுபள்ளமான சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். தினமும் போகும் சாலைக்கும் உங்கள் உடம்புக்கும் ஒத்துவந்தால் மட்டுமே அது உங்களுக்கான வண்டி.