இலாபம் எந்த வாசலால் வந்தது?

சீகிரியாவில் விடுதி நடத்துகிறவர்களுக்கு யாரும் கணக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2020இல் கொரோனா வந்த பிறகும் பயணிகள் இல்லாமல் அறைகள் பூட்டிக் கிடந்தன. அந்த நாட்களில் ஒருவர் காணித் துண்டொன்றை விற்றுச் சமாளித்திருந்தால், கையில் காசு இருந்திருக்கும். அதற்காக விடுதி நன்றாக ஓடியது என்று அவர் சொல்லமாட்டார். ஆனால் கம்பனிகளின் காலாண்டு அறிக்கையைப் படிக்கும்போது இந்தத் தெளிவு நம்மிடம் இருப்பதில்லை.

பெங்களூரின் பயோகான் கம்பனியை எடுத்துக்கொள்வோம். கிரண் மஜும்தார் ஷா 1978இல் தொடங்கிய இந்த உயிரியல் தொழினுட்பக் கம்பனி, 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் 660 கோடி இந்திய ரூபாய் நிகர இலாபம் காட்டியது. முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் இலாபம் 101 கோடிதான். இன்சுலினோ புற்றுநோய் மருந்தோ திடீரென ஆறு மடங்கு விற்றுவிடவில்லை. அதன் துணைக் கம்பனி, இந்தியாவில் நடத்திவந்த மருந்து விற்பனைப் பிரிவை எரிஸ் லைஃப்சயன்சஸுக்கு 1,242 கோடி ரூபாய்க்குக் கைமாற்றியிருந்தது. அதில் கிடைத்த ஆதாயமே 1,000 கோடியைத் தாண்டியது. அடுத்த காலாண்டில் பயோகான் காட்டியது 16 கோடி ரூபாய் நட்டம்.

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. விற்பனை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, அறிக்கையிலும் எழுதப்பட்டிருந்தது. கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கும் வாசகருக்குத்தான் அது தெரியாமல் போகிறது.

உயிரியல் தொழினுட்பத் துறையில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஒரு மருந்து ஆய்வுகூடத்திலிருந்து சந்தைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை திரட்டிய பணம் வங்கியில் கிடந்து வட்டி ஈட்டும். ஜேர்மனியின் பயோன்டெக், கொரோனாத் தடுப்பூசி விற்ற பணத்தை வைத்திருந்தது. 2023இல் அதன் நிகர இலாபம் ஏறத்தாழ 93 கோடி யூரோ. அதே ஆண்டில், பெரும்பாலும் வட்டியாக வந்த நிதி வருமானம் மட்டும் 50 கோடி யூரோவுக்கு மேல். 2024இல் தடுப்பூசி விற்பனை மேலும் சுருங்கியது. நட்டம் 66 கோடி யூரோவைத் தாண்டியது.

நமக்கும் இது புதிதல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலர் கையிருப்பு இருந்த கம்பனிகளுக்கு, கூடுதலாக ஒரு பெட்டி ஏற்றுமதி செய்யாமலே செலாவணி ஆதாயம் கிடைத்தது. அப்படியொரு ஆண்டை அளவுகோலாக வைத்துப் பங்கு வாங்கினால், சேமிப்புத்தான் கரையும்.

2024 ஏப்ரலில் வெளியான சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 18, 2027 ஜனவரி முதல் நடைமுறைக்கு வருகிறது. தொழிற்பாட்டு இலாபத்தைத் தனி வரியாகக் காட்டுவதை அது கட்டாயமாக்குகிறது. நல்ல மாற்றம். ஆனாலும் ஒரு தொழிற்பிரிவை விற்ற ஆதாயம் அந்த வரிக்குள்ளேயே வந்து சேரவும் இடமுண்டு. ஆகவே நியமம் வந்துவிட்டது என்று வாசகர் கண்ணயர முடியாது.

பங்கு வாங்குமுன் ‘ஏனைய வருமானம்’ என்ற வரியைத் தேடுங்கள். அதற்குரிய குறிப்பைப் படியுங்கள். அந்தத் தொகையைக் கழித்த பிறகும் இலாபம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால், அந்தக் கம்பனியின் மருந்து இன்னும் சம்பாதிக்கத் தொடங்கவில்லை என்றே கொள்ளுங்கள்.