கமரா பார்க்கும், ஆர் ஓடிவாறது?

யாழ்ப்பாணத்தில் எந்த ஊருக்குள் போனாலும் இப்படி ஒரு வீட்டைக் காட்டலாம். பெரிய வீடு, பூட்டிக் கிடக்கும் அறைகள், விறாந்தையில் ஒரு கமரா, குசினி வாசலில் இன்னொன்று. உள்ளே அம்மாவோ அப்பாவோ தனிய. பிள்ளைகள் ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருந்து போனில் பார்க்கிறார்கள். அந்த அம்மாவுக்கு மறதிநோய் தொடங்கினால் கமராக்களின் எண்ணிக்கை கூடும், வேறொன்றும் கூடாது. இதற்குப் ‘பராமரிப்பு’ எண்டு பெயர் வைத்திருக்கிறோம். எங்களுக்கு அந்தப் பெயரோடுதான் சண்டை.

கருவிகளோடு எங்களுக்குக் கோபமில்லை. கதவு திறந்தால் சத்தமிடும் சென்சர், கட்டிலை விட்டு எழும்பினால் அறிவிக்கும் விரிப்பு, ஆள் எங்கே நிற்கிறார் எண்டு காட்டும் ஜிபிஎஸ் மணிக்கூடு எல்லாம் உதவக்கூடியவைதான். ஆனால் இவை செய்வது ஒரே வேலை: ஏதோ நடந்துவிட்டது எண்டு சொல்வது. அதற்குப் பிறகு ஒரு மனுசர் வரவேண்டும்.

இங்கிலாந்தில் மறதிநோய் உள்ள 495 பேரோடு ‘அற்றிலா’ என்ற ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு அவரவர் தேவை பார்த்து முழுக் கருவித் தொகுப்பு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் புகை எச்சரிக்கை மணி போன்ற அடிப்படைச் சாமான்கள் மட்டும். 2021 இல் வெளிவந்த முடிவு என்ன? முழுத் தொகுப்புக் கிடைத்தவர்கள் கூடுதல் காலம் சொந்த வீட்டில் வாழவில்லை. அரச சமூகசேவை வீடு தேடி வரும் நாட்டிலேயே இதுதான் நிலைமை. எங்கட ஊரில் விறாந்தைக் கமரா அதைவிட என்ன சாதிக்கப் போகிறது?

மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுதுபடும் நேரத்தில்தான் பதற்றமும் அலைச்சலும் கூடும். இங்கே பின்னேரம் 6 மணி என்றால், கோடையில் ரொறொன்ரோவில் காலை 8.30. அங்கே வேலைக்கு ஓடும் நேரம். கரண்ட் போனால் வைஃபையும் போய்விடும். அப்போது வரும் அழைப்பு எங்களுக்குத்தான்: “தம்பி, அம்மாவைக் கமராவில காணேல்ல, ஒருக்காப் போய்ப் பாருமன்.” போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டின் உண்மையான சென்சர் பக்கத்து வீட்டுப் பிள்ளையும், சம்பளத்துக்கு நிற்கும் அக்காவும்தான். அந்த அக்காவின் ஒவ்வொரு அசைவையும் அதே கமரா பார்க்கிறது. “ஏன் இவ்வளவு நேரம் இருந்தனீங்கள்?” எண்டு கடல் கடந்து கேள்வி வருகிறது. அவருக்கு ஒருநாள் லீவு கிடைக்குமா எண்டு ஒருவரும் கேட்பதில்லை.

அம்மாவிடம் ஆராவது கேட்டார்களா? “அவவுக்கு என்ன விளங்கும்” என்பார்கள். நோயின் தொடக்கத்தில் பலருக்கு நன்றாகவே விளங்கும். தன்னை ஆர் பார்க்கலாம், எங்கே பார்க்கக்கூடாது எண்டு சொல்ல அவர்களால் முடியும். கேட்கவேண்டிய நேரம் அதுதான். உடுப்பு மாற்றும் அறையில் கமரா பூட்டிவிட்டு ‘பாதுகாப்பு’ எண்டு சொல்வது மரியாதைகேடு. சட்டமும் இங்கே கைகொடுக்காது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் வீட்டுத் தேவைக்காக மட்டும் செய்யும் பதிவுகளுக்குப் பொருந்தாது. ஆகவே பிள்ளையின் மனச்சாட்சிதான் மிச்சம்.

“அப்ப கிணத்துக்குள்ள விழுந்து சாகட்டுமோ?” எண்டு கேட்பீர்கள். கிணற்றுக்குள் விழுவதைக் கமரா காட்டும், தடுக்காது. கமராவுக்கு முதல் கிணற்றுக்கு ஒரு மூடி போடுங்கள். படலையில் ஒரு மணி கட்டுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு லைற் எரியட்டும். காஸ் சிலிண்டரை இரவில் மூடிவிட ஓராள் இருக்கட்டும். கமராவுக்கு முடியும் காசில் இதில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வரவேண்டும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. போரும் கடனும் அனுப்பிவைத்தவர்கள் அவர்கள். வரமுடியாத குற்றவுணர்வு கமராவாய் மாறுகிறது என்பதும் தெரியும். ஆனால் குற்றவுணர்வைக் குறைக்கும் கருவி வேறு, அம்மாவைப் பராமரிக்கும் கருவி வேறு.

எங்கட கேட்பு மூன்றுதான். கருவி பூட்டமுதல் அம்மாவிடம் கேளுங்கள். மணி அடித்தால் ஓடிவரும் ஆளுக்கு ஒழுங்கான சம்பளமும் லீவும் கொடுங்கள். மூன்றாவது அரசுக்கு: முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டீர்கள். மறதிநோய் உள்ளவர்கள் பகலில் போய் இருக்க ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஓரிடம் வேண்டும், வீட்டுக்கு வந்து பார்க்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

அதுவரை எந்தக் கடைக்காரர் ‘ஸ்மார்ட் பராமரிப்பு’ எண்டு விற்க வந்தாலும் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இது சத்தம் போட்டால், ஆர் வாறது?