பக்கவிளைவுக்கும் சாதி உண்டு

மனச்சோர்வுக்கான மாத்திரை எல்லா உடலிலும் ஒரே வேலையைச் செய்ய வந்ததுதான். ஆனால் அதன் பக்கவிளைவைத் தாங்கும் வசதி எல்லோருக்கும் ஒன்றல்ல. காலையில் கண் திறக்க முடியாத மயக்கம் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வந்தால், "உடம்பு சரியில்லை, தூங்கட்டும்" என்பார்கள். அதே மயக்கத்தோடு ஒரு தலித் மாணவர் ஆய்வுக்கூடத்துக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனால், "கோட்டாவில் வந்தவர்கள் இப்படித்தான்" என்பார்கள். மருந்துச் சீட்டில் இல்லாத இந்தப் பக்கவிளைவைப் பற்றி நம் இயக்கங்கள் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

முதலில் மருந்தைப் பற்றி. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்சடின் போன்றவை இன்று பரவலாக எழுதித் தரப்படுகின்றன. இவற்றில் நல்ல பலன் தெரிய பெரும்பாலும் 2 முதல் 6 வாரங்கள் ஆகும். குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு, படபடப்பு ஆகியவையோ முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். அதாவது துன்பம் முதலில் வருகிறது, நிவாரணம் பிறகு வருகிறது. இதை யாரும் சொல்லாததால்தான் பலர் பத்தே நாளில் மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். தொடக்கத் தொல்லைகளில் பல, ஓரிரு வாரங்களில் தணிந்துவிடுபவை. பாலுறவு நாட்டம் குறைவது போன்றவை நீடிக்கலாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

நானும் இந்த மாத்திரை எடுக்கும் ஆய்வு மாணவன்தான். "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று சீட்டில் எழுதுவது எளிது; விடுதி மெஸ் ஒன்பது மணிக்கு மூடிவிடும். மயக்கம் தரும் மருந்தை இரவில் எடுக்கலாம்; மறுநாள் காலை எட்டு மணிக்கு நெறியாளர் முன்னால் நிற்க வேண்டும். அறைத்தோழர் கண்ணில் படாமல் அட்டையை ஒளித்து வைக்க வேண்டும். ஏற்கனவே 'தகுதி இல்லாதவர்' என்று பார்க்கப்படுகிறவர், 'மனநோயாளி' என்ற பெயரையும் எப்படிச் சுமப்பார்?

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரக்கூடும். மருத்துவர் சொல்லி, படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். ஆனால் உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோனால் மருந்துக்கடைக்கு எதைக் கொண்டு போவது? 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போன ரோஹித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில், 7 மாத உதவித்தொகை பாக்கி என்பதையும் எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். உதவித்தொகையைத் தாமதப்படுத்துவது வெறும் நிர்வாகக் குறைபாடு அல்ல. மருந்தில் இருக்கிறவருக்கு அது உடல்மீது நடத்தப்படும் வன்முறை.

நம் தோழர்கள் சிலர், "சாதிதான் நோய், மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. காசநோய்க்கும் வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் காரணங்கள்தான். அதற்காக, நல்ல வீடு கிடைக்கும்வரை காசநோய் மாத்திரை வேண்டாம் என்று சொல்வோமா? மாத்திரையும் வேண்டும், வீட்டுக்கான போராட்டமும் வேண்டும். மனச்சோர்வுக்கும் அதுவே நியாயம். போராடுவதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

மறுபக்கம், சாதியைக் காதில் வாங்காமல் மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் மருத்துவமும் இருக்கிறது. மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த பழங்குடிப் பெண் பாயல் தத்வி 2019 மே 22 அன்று இறந்தார். அவர் எதிர்கொண்டதாகக் குடும்பத்தினர் சொன்னது சாதிவழித் துன்புறுத்தலை. துன்புறுத்துகிறவர் இடத்திலேயே இருக்க, துன்புறுகிறவருக்கு மட்டும் மருந்து என்றால் அது சிகிச்சை ஆகாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 18இல், சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இன்றி மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பிரிவு 22, சிகிச்சையின் பக்கவிளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் தெரிவிக்கச் சொல்கிறது. "இதற்கு என்ன பக்கவிளைவு, எத்தனை நாள் இருக்கும்?" என்று தமிழில் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உரிமை.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். மருந்து தொடங்கும் வாரங்களில் மாணவருக்கு வருகைப்பதிவில் தளர்வு வேண்டும். உதவித்தொகை மாதந்தோறும் வர வேண்டும். பல்கலைக்கழக மனநல ஆலோசகர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் இருக்க வேண்டும். ஆலோசகரிடம் சொன்னது நெறியாளரின் காதுக்குப் போகக் கூடாது.

இயக்கமாக நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மருந்து தொடங்கிய தோழரை முதல் சில வாரங்கள் தனியே விடக் கூடாது. குறிப்பாக 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடும் வாய்ப்பு இருப்பதாக எச்சரிக்கை உள்ளது. அப்படித் தோன்றினால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் இலவச டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம். நினைவேந்தல் கூட்டங்களுக்கு நாம் தவறாமல் போகிறோம். மெஸ் மூடுவதற்குள் ஒரு தட்டுச் சோறு எடுத்துவைக்கும் தோழமையும் சாதி ஒழிப்பு வேலைதான்.