உடலின் நினைவாற்றல்

வட அட்லாண்டிக் பெருங்கடலில் பாரோ தீவுகள் என்னும் சிறு தீவுக்கூட்டம் உளது. டென்மார்க்கு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட அத்தீவுகளில் 1846-ஆம் ஆண்டில் தட்டம்மை பரவிற்று. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேரை அந்நோய் பற்றியது. நிலைமையை ஆராயுமாறு டென்மார்க்கு அரசு பீட்டர் லுத்விக் பானும் என்னும் இளம் மருத்துவரை அனுப்பியது. ஊர் ஊராகச் சென்று வினவிய அவர், வியத்தகு செய்தியொன்றைக் கண்டறிந்தார். அத்தீவுகளில் அதற்குமுன் தட்டம்மை பரவியது 1781-ஆம் ஆண்டில். அன்று அந்நோயுற்றுப் பிழைத்த முதியோருள் ஒருவரையேனும் அது மீண்டும் தீண்டவில்லை; அன்று நோய்க்குத் தப்பியிருந்த முதியோரையோ பற்றிக்கொண்டது. அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் உடல் தன் பழம்பகையை மறக்கவில்லை!

இந்நினைவைத் தாங்குவன குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒருவகையாகும். நோய்க்கிருமி உட்புகுந்ததும் அதனை இனங்காணவல்ல வெள்ளணுக்கள் பல்கிப் பெருகி, எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. ஒரு பூட்டிற்கு ஒரு திறவுகோல்போல, ஒருவகைக் கிருமிக்கென அமைந்த எதிர்ப்பொருள் அதனையே பற்றும். கிருமி உடலின் உயிரணுக்களுள் நுழையாதவாறு தடுக்கும். கிருமிகளை விழுங்கும் அணுக்களுக்கு அதனை அடையாளங் காட்டும். முதன்முறை இப்படை திரள ஒரு வாரத்திற்கு மேலும் ஆகலாம். அவ்விடைவெளியே உயிருக்கு இடர் விளைப்பது. போர் முடிந்தபின் சில வெள்ளணுக்கள் எஞ்சி நிற்கின்றன. அதே பகை மீண்டும் வரின், அவை விரைந்தெழுந்து வெல்லும்.

“நோயுற்றுத் தேறினால் இக்காப்புத் தானே கிட்டுமே, தடுப்பூசி எதற்கு?” என வினவுவாரும் உளர். இவ்வாதம் பொருந்தாது. பானும் கண்ட முதியோர் அனைவரும் பிழைத்தோரே. 1781-இல் மாண்டோர் சான்று கூற வரவில்லை. மேலும், தட்டம்மை நன்றியற்ற ஆசான். தடுப்பூசி பெறாது அந்நோயுற்ற குழந்தைகளை ஆராய்ந்தபோது, பிற நோய்களுக்கென அவர்தம் உடலில் இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்திருந்தமை 2019-இல் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. தன் பாடம் ஒன்றைக் கற்பித்துவிட்டு, முன்கற்ற ஏடுகளை அது எரித்துச் செல்கிறது.

1963 முதல் வழங்கிவரும் தட்டம்மைத் தடுப்பூசியோ வலிமை குன்றிய கிருமியைக் கொண்டு, அதே பாடத்தை இவ்விழப்பின்றிக் கற்பிக்கிறது. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.

இஃது ஒருவர்தம் நலம் பற்றியது மட்டுமன்று. தடுப்பூசி பெறும் வயதை எட்டாத பச்சிளங் குழந்தைகள் எவ்வூரிலும் உளர். ஊராருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் காப்புப் பெற்றிருப்பின், தட்டம்மை அக்குழந்தைகளை அணுக வழியின்றி ஒழியும். தொட்டிலிற் கிடக்கும் அண்டை வீட்டுக் குழந்தைக்கும் அரணாக நிற்பவன் தன் கையை ஊசிக்கு நீட்டும் மாணவனே. சிறிது நேர நோவைப் பொறுத்து அவன் ஆற்றும் அத்தொண்டு சிறிதன்று.